இடது கெண்டைக்கால்

செங்கோட்டையில் ரத்தம் எடுப்பவள் நான்.
கொல்லம் ரயில் போன பிறகு
இசக்கி வந்தாள். பத்தொன்பது வயது.
புளியரை செக்போஸ்ட் பக்கம்
கேரளா போகும் காய்கறி லாரிகளுக்கு
ரசீது எழுதும் வேலை.
"பேர மாத்த வேண்டியதில்லக்கா,
இசக்கி ரெண்டுக்கும் பொருந்தும்." சிரித்தாள்.

சீட்டு கேட்டேன். போனை நீட்டினாள்.
அதில் ஒரு டாக்டர். முகம் இல்லை,
வெள்ளைக் கோட்டின் காலர் மட்டும்.
நான்கு நிமிடம் பேசினாராம்.
கல்லீரலைப் பற்றிக் கேட்கவில்லை.
குடும்பத்தில் யாருக்காவது
ரத்தம் கட்டியதுண்டா, கேட்கவில்லை.
பணம் ஏறிவிட்டதா என்று மட்டும் இரண்டு முறை.
மாத்திரை அட்டையில்
தேதி இருந்த இடம் சுரண்டியிருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே?"
"போனேன்க்கா. வரிசை பூரா கேக்குற மாதிரி
'ஏலே'ன்னு கூப்பிட்டாங்க.
இந்தாளு மொத வார்த்தையே
'சொல்லும்மா'ன்னாரு."

ஊசியை எடுத்த பிறகு
பேண்ட்டைச் சுருட்டிக் காலைத் தடவினாள்.
இடது கெண்டைக்கால்
வலதைவிடப் பருத்து, பளபளவென்று.
தொட்டேன். சுட்டது.
"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், அதான்."

அடுத்த வார்த்தைக்கு நிற்காமல்
ஆட்டோவில் தென்காசிக்கு ஏற்றிவிட்டேன்.
படி இறங்கக்கூட விடவில்லை,
டிரைவரும் நானும் தூக்கினோம்.
அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன்.
உபயோகத்தில் இல்லை.

மேசைமேல் குழாய் இன்னும் வெதுவெதுப்பாக.
ஒட்ட வேண்டிய சீட்டில்
ஆண், பெண், இரண்டே கட்டம்.
பேனா நின்றது.
அவள் கதவைத் திறந்ததும்
தலை நிமிராமல் நான் கேட்டது
அப்போதுதான் காதில் விழுந்தது:
"யாருக்குப்பா டெஸ்ட்டு?"