கூடுதல்: ஒன்று

பூட்டு இல்லை இது.
யாரையும் தடுக்காது.
பால்பல் பிள்ளை கடித்தாலும் அறுந்துபோகும்
நீல பிளாஸ்டிக் வால், அதன்மேல் ஏழு இலக்கம்.
அறுத்தால், அறுத்தார்கள் என்று சொல்லும்.
அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த பேச்சு.

பூம்புகார்த் துறையில்
மூட்டைமேல் புலியைக் குத்தி அனுப்பினார்களாம்.
அந்தப் புலி எவனைக் கடித்தது?
கள்ளன் வந்துபோன பிறகு
மீசை கலைந்து நின்றிருக்கும்.
கணக்கன் குனிந்து பார்த்து
ஓலையில் கீறியிருப்பான்.
எனக்கும் அதே உத்தியோகம்:
ஞானசுந்தரி, நீடாமங்கலம் கிடங்கு, இரண்டாம் வாசல்.

பிப்ரவரி இருபத்துமூன்று, உச்சி வெயில்.
கோட்டூர் கொள்முதல் நிலையத்து லாரி.
தார்ப்பாய்க் கயிற்று முடிச்சில்
4417306
தலை தனி, வால் தனி.
டிரைவர் செபஸ்தியான் இறங்கவில்லை.
ஸ்டியரிங்கைப் பிடித்தபடி
"எண்ணிப் பாருங்க மேடம்" என்றான்,
முகத்தைத் திருப்பாமல்.

எண்ணினோம்.
சுமைதூக்குகிற ஒன்பது பேரும் முனகினார்கள்,
கழுத்தில் நெல்சுணை அரிக்க.
இருநூற்றைம்பது இருக்க வேண்டும்.
இருநூற்றைம்பத்தொன்று இருந்தது.

மறுபடி எண்ணினோம்.
ஐம்பத்தொன்று.

பதிவேட்டில் 'குறைவு' என்றொரு கட்டம் இருக்கிறது.
ஈரப்பதம், கிழிசல், எலி, சிந்தல்,
போகிற வழி ஒவ்வொன்றுக்கும் இடம் இருக்கிறது.
வந்து சேர்ந்த மூட்டைக்கு
அச்சடித்தவன் கட்டம் போடவில்லை.
அனுபவஸ்தன்.

அந்த ஒன்றைத் தனியே இழுத்துப் போட்டார்கள்.
அடிப்பக்கம் செங்கல் தூள்.
மடிப்பில் இரண்டு கடலைத் தோல்.
வாயில் மட்டும்
நிலையத்தில் போட்ட அதே சிவப்புச் சணல் தையல்,
ஒரு கண்ணி நெகிழவில்லை.
தொங்கிய அட்டையில் தேதி: ஒன்பது.

ஒன்பதாம் தேதிப் பக்கத்தைப் புரட்டினேன்.
இதே லாரி.
சீல்: சரியாக உள்ளது.
குறைவு: ஒன்று.
டிரைவர் கூலியில் பிடித்தம்.
கீழே என் கையெழுத்து,
வாலைச் சுழித்து, அழகாக.

அப்புறம்தான் அவன் இறங்கிவந்தான்.
"ரயில்வே கேட்டுக்கிட்ட கடலை வறுக்கிற தைலம்மை மேடம்.
அன்னிக்கி வேகத்தடையில பின்னாடி நழுவி விழுந்துருக்கு.
கத்திருக்கு அந்தம்மா, எனக்குக் கேக்கல.
பின்னாடி மாதா படம் போட்ட லாரின்னு மட்டும்
ஞாபகம் வச்சிக்கிட்டு
பதினாலு நாளா ஒவ்வொண்ணா பாத்துருக்கு.
இன்னிக்கி கேட்டு மூடியிருந்துச்சா,
ஓடிவந்து கதவத் தட்டிருச்சு.
சீல அறுக்காம எப்படி மேடம் உள்ள வைக்கிறது?"

பதினாலு ராத்திரி.
தள்ளுவண்டிக்கு அடியில், செங்கல் அடுக்கி, நாற்பது கிலோ.
எந்த நுனியை இழுத்தால்
மொத்தத் தையலும் சரசரவென்று உருவிக்கொண்டு வருமென்று
இந்த ஊரில் நடக்கப் பழகிய பிள்ளைக்கும் தெரியும்.

திருவாரூரிலிருந்து தாஜுதீன் சார் போனில்:
"சீல் அறுந்த இடம்?"
"ரயில்வே கேட், சார்."
"அந்த மேடு பள்ளம் இருக்கே" என்று அவரே சொல்லிக்கொண்டார்.
நான் மறுக்கவில்லை.
எழுதியது முழுக்க நிஜம்.
பிடித்த கூலியைத் திருப்பித் தர
ஏதாவது படிவம் உண்டா என்று கேட்டேன்.
லைன் கரகரத்தது.

அறுந்த நீல வாலை
மேஜை டிராயரில் போட்டிருக்கிறேன்.
அறுத்தார்கள் என்கிறது இன்னமும்.

சாயங்காலம் கேட் மூடியிருந்தது.
ஸ்கூட்டியை நிறுத்திப் பத்து ரூபாய் நீட்டினேன்.
யார் நான் என்று தைலம்மைக்குத் தெரியாது.
கூம்பை நிரப்பி, ஒரு தட்டுத் தட்டி,
வாயை இரண்டு மடிப்பு உள்ளே மடித்துக் கொடுத்தாள்.
காரைக்கால் வண்டி போய்
கேட் தூக்கினார்கள்.
வெண்ணாற்றுப் பாலம் வருவதற்குள்
பிரித்துவிட்டேன்.