பல் நசுக்கிய முள்

ஐந்து மணிக்கு ஜாம்பவானோடைத் துறையில்
டார்ச்சை வாயில் கவ்வியபடி
டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன்.
படகுப் பலகையெல்லாம் மார்கழிப் பனி.
துண்டால் துடைத்தேன்,
வருகிறவர்கள் உட்காருவதற்குள்.

கோவையிலிருந்து இருவர்.
பல் டாக்டர் குருசரண், ஆடிட்டர் மெய்கண்டன்.
மார்புவரை ரப்பர் கால்சட்டை.
"இது மலையோடை இல்லை சார்.
இறங்கினால் முழங்காலைச் சேறு வாங்கிக்கொள்ளும்,
திருப்பித் தராது."
டாக்டர் கழற்றினார்.
ஆடிட்டர் கழற்றவில்லை.

மூணாற்றில் ட்ரௌட் பிடித்த கதை
கோரையாறு முடியும்வரை ஓடியது.
கண்ணாடித் தண்ணீராம்,
கூழாங்கல்லை எண்ணலாமாம்,
மீனை முகம் பார்த்தே பிடிக்கலாமாம்.

எங்கள் தண்ணீர் டீ.
மேட்டூரில் கிளம்பி
கல்லணையில் பாகம் பிரிந்து
எத்தனையோ வயலுக்குள் போய் வந்து
எல்லோரும் கை கழுவியபின் எங்களிடம் வருவது,
அப்புறம் உப்பு கலந்துகொள்வது.
இதில் முகம் தெரியாது.
இறால் சிதறும் சலசலப்பு,
அலையாத்தி வேரோரம் ஒரு 'டொப்',
அது கொடுவா வாய்மூடும் சத்தம்.
அது எந்தப் பக்கம், எத்தனை அடி
என்று சொல்வதற்குத்தான் எனக்குக் கூலி.
கண்ணுக்கில்லை, காதுக்கு.

டாக்டர் டப்பாவைத் திறந்தார்:
சேவல் இறகு, மயில் இழை, முயல் மயிர்,
நூல் சுற்றிய பூச்சிகள்.
"இங்கே யாரும் பூச்சி தின்பதில்லை சார்,
இறால் மாதிரி எது?"
வெள்ளையாய்ப் பதினொன்று தேறியது.
"விடத்தானே போகிறோம், பல்லை நசுக்கிவிடுங்கள்" என்றார்.
குறட்டால் ஒவ்வொரு முள்ளிலும்
உள்நோக்கித் திரும்பியிருந்த பல்லை
அமுக்கி அமுக்கிப் படுக்கவைத்தேன்.
"நல்ல கை" என்றார், தொழில்காரர்.

வற்றம் தொடங்கியது.
இன்ஜினை அணைத்துக் கழி ஊன்றினேன்.
தில்லை மரத்தைத் தொடாதீர்கள், பால் பட்டால் கண் போகும்
என்று இரண்டுமுறை சொன்னேன்.
நூல் எங்கள் தலைக்குமேல்
எழுதி எழுதி அழித்தது.

'டொப்.'
இடப்பக்கம், முப்பதடி.
நான் கையைத் தூக்கிய நேரம்
ஆடிட்டரின் பின்வீச்சு
என் வலக்காதைக் கவ்வியது.
அவருக்குத் தெரியாது.
முன்னால் வீசினார்.
நானும் ஓரடி போனேன்.

டாக்டர் தவழ்ந்து வந்து
"வாயைத் திறங்க" என்றார், பழக்கத்தில்.
நானும் திறந்தேன்.
"வலிக்காது" என்றார்.
வலித்தது.
ஆனால் போன வழியே வந்தது முள்,
ஒரு சொட்டு ரத்தத்தோடு.
பல் இருந்திருந்தால் பட்டுக்கோட்டை ஆஸ்பத்திரி.

அதே முள்ளில்தான் அரைமணி கழித்து
டாக்டருக்குக் கொடுவா விழுந்தது.
மூன்று கிலோ இருக்கும்.
கிலோ அறுநூறென்று பெருக்கிப் பார்த்தேன்,
ஆடிட்டர் உதவியில்லாமல்.
படம் எடுத்தார்கள்.
வாலைப் பிடித்து, வயிற்றைத் தாங்கி,
தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து
தண்ணீருக்குள்ளேயே காத்திருந்தேன்.
செவுள் ஒருமுறை. நின்றது. மறுபடி.
என் காதும் அதே தாளத்தில் விண்ணென்றது.
திடீரென்று என் கையை உதைத்துவிட்டுப் போயிற்று.
ஆயிரத்தெண்ணூறு ரூபாய்.

கரையில் ஆடிட்டர் ஐந்நூறு கூடுதலாக நீட்டினார்,
முகத்தைப் பார்க்காமல்.
ரப்பர் கால்சட்டையில் ஒரு பக்கம் முழுக்கச் சேறு.
எப்போது இறங்கினார் என்று கேட்கவில்லை.

"காதுல என்ன?" என்றாள் ஜுனைதா,
மத்தி கழுவிக்கொண்டே.
"கடிச்சிருச்சு."
"எது?"
"ஆடிட்டர்."

நாளைக்குத் திருச்சியிலிருந்து நாலு பேர்.
நாலு பின்வீச்சு.
வண்டி ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தேன்.
கச்சிதம்.
ஜுனைதா ஏதோ சொன்னாள்,
வாயசைவுதான் தெரிந்தது.
கழற்றி ஆணியிலேயே மாட்டினேன்.