எள்ளளவு

விழுந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை.
வீட்டில் யாரும் கையைத் திருகினார்களா?
கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள் நர்ஸ்.
இல்லையம்மா.
பதினொரு வருடம்
ஹோட்டல் படுக்கை விரிப்புகளை உதறினேன்.

டாக்டர் ப்ரிங்க்மான் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார்.
மணிக்கட்டில் எட்டுக் கூழாங்கற்கள்.
நடுவில் ஒன்று மட்டும் சுண்ணாம்பு வெள்ளை.
மோண்ட்பைன், என்றார்.
என் அரைகுறை ஜெர்மனில் அது நிலாக்கால்.
கையில் ஏது கால் என்று சிரித்தேன்.
ரத்தம் போகாமல் அது சாகிறது, என்றார்.

சுண்டுவிரல் பக்கத்து எலும்பு
பிறந்ததிலிருந்தே குட்டை.
அது தாங்க வேண்டியதையும்
நிலா தாங்கியிருக்கிறது.
எவ்வளவு குட்டை?
மூன்று மில்லிமீட்டர்.
எள்ளின் நீளம்.
எள்ளளவுக்கா இத்தனை இரவு
தலையணைக்கடியில் கையை வைத்து அழுத்தினேன்?

அறுத்தார்கள். நான்கு கம்பி, வெளியே ஒரு சட்டம்.
ஏழு நாள் சும்மா இருங்கள் என்றார்கள்;
அதைத்தான் எனக்குச் செய்யத் தெரியவில்லை.
எட்டாம் நாள் கையில் ஒரு சாவி தந்தார்கள்.
காலை ஆறுக்குக் கால் சுற்று,
மாலை ஆறுக்குக் கால் சுற்று.
இடது கை திருக
வலது கை நீளும்.

மூன்றாம் நாள்
புண் துடைத்துவிட்டுத் திரும்பும்போது
தொங்கு ரயில் வூப்பர் ஆற்றுக்கு மேலே நின்றுவிட்டது.
எள் விழ இடமில்லை.
மணி ஆறு.
சாவி விழுந்தது.
கால்பந்துச் சால்வை போட்ட ஒரு பையன்
முழங்காலிட்டு, எல்லோருடைய சப்பாத்துகளுக்கும் நடுவே
தேடி எடுத்தான்.
அதற்குள் முழுப் பெட்டியும்
என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
வலிக்குமா?
எலும்புக்கு இல்லை தம்பி,
கூடவே இழுபடுகிற தோலுக்குத்தான்.
நான் திருகும்போது அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.
ரயில் அசைந்தது.

பிறகு எடுத்த படத்தில்
அறுத்த இடைவெளியில் புகை மாதிரி ஏதோ.
புது எலும்பு, என்றார் டாக்டர்.
நிலா பிழைக்குமா?
பார்ப்போம், என்றார். அவ்வளவுதான்.

இனி நீ முழம் போட்டுப் பூ வாங்கினால்
நமக்கு லாபம் என்கிறார் சிவநேசன்.
வூப்பர்டாலில் முழத்துக்குப் பூ
யார் விற்கிறார்கள்?

லாண்டரியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது:
எப்போது திரும்புவீர்கள்?
கால் சுற்று, கால் சுற்றாகத்தான்
என்று எழுத நினைத்தேன்.
குளிர்சாதனப் பெட்டிக் கதவில் செருகி வைத்திருக்கிறேன்,
இன்னும் பதில் போடவில்லை.