நானூற்றுப் பத்து

ராடோம் புள்ளிவிவர அலுவலகத்தில்
செவ்வாய்தோறும் என் மேசைக்கு
பழுப்பு உறைகளில் வருகிறார்கள் செத்தவர்கள்.
காரணம் படித்து எண் போடுவது என் வேலை.
நானூற்றுப் பத்து என்றால் மாரடைப்பு.
பத்தொன்பது வருடத்தில் என் விரல்களுக்கு
வீட்டு எண்ணைவிடப் பழகிய எண்.

செஸ்வாவுக்கும் நானேதான் போட்டேன்.
எண்பத்தெட்டு, பிப்ரவரி, வயது நாற்பத்தொன்பது.
"நீ தள்ளு, நான் எழுதுகிறேன்" என்றாள் ஹலினா.
பேனாவைத் தரவில்லை.
அன்று காலை ரொட்டியில் பன்றிக்கொழுப்பை
விரல் தடிமனுக்குத் தடவி
காகிதத்தில் சுற்றிக் கொடுத்தவளும் நான்தானே.
காலணி ஆலைக்குப் போகும் பேருந்தில்
தூங்குகிறார் என்று நினைத்து
கடைசி நிறுத்தம்வரை
யாரும் அவரைத் தொடவில்லை.

பிறகு ஆட்சி மாறியது.
வெண்ணெய்க்கு அரசு போட்ட காசு நின்றது.
விலைப்பலகையை அழித்து அழித்தே
கடைக்காரியின் சாக்பீஸ் தீர்ந்தது.
திட்டினோம். திட்டிக்கொண்டே
மஞ்சள் எண்ணெய்ப் புட்டியை வாங்கி வந்தோம்.
எவரும் இதயத்தை நினைத்து வாங்கவில்லை,
பணப்பையை நினைத்துத்தான்.
வாழைப்பழம்கூட வந்தது,
வரிசையில் நிற்காமலே.

தொண்ணூற்றிரண்டின் கூட்டலில்
நானூற்றுப் பத்து இறங்கியிருந்தது.
"மறுபடி கூட்டு" என்றார் மேலாளர்.
கூட்டினேன். அதேதான்.
உறை ஏதாவது அலமாரிக்குப் பின்னால்
விழுந்திருக்கும் என்று மண்டியிட்டுத் தேடினேன்.
தூசி. இரண்டு குண்டூசி. ஒரு மேதின ரிப்பன்.
மறு வருடமும் இறங்கியது.
வார்சாவிலிருந்து தொலைபேசி:
நாடு முழுக்க இப்படித்தானாம்.

எண்ணெயா, பழமா, சிகரெட்டா, புது மாத்திரையா,
படித்தவர்கள் வாதிடட்டும்.
எனக்கு ஒன்றுதான் உறுத்துகிறது:
சாகாதவர்களுக்குப் படிவம் இல்லை.
தப்பியது யாரென்று
தப்பியவருக்கே தெரியாது.
ஒரு நன்றிக் கடிதமோ பெயர்ப்பட்டியலோ
எந்த உறையிலும் வராது.
இன்னும் மூன்றே குளிர்காலம், செஸ்வாவ்,
எண்ணெய் விலையைத் திட்டவாவது
இருந்திருக்கலாம் நீ.

நேற்று மாலைப் பேருந்தில்
பக்கத்து இருக்கையில் ஒருவர்.
ஐம்பது இருக்கும், சிவந்த கழுத்து,
என் இடத்தில் பாதி அவருடையது.
எரிச்சலாக வந்தது.
பையிலிருந்து வெங்காயத் தாள் எட்டிப் பார்த்தது.
ஆலை தாண்டியதும் தலை சரிந்து
என் தோளில் விழுந்தது.

ஒரு நிறுத்தம் பொறுத்தேன்.
இரண்டாவதில் முடியவில்லை.
அவர் கையைத் தட்டினேன், கொஞ்சம் பலமாகவே.

"என்னம்மா?" என்றார்,
கண்ணைக் கசக்கிக்கொண்டு, கோபமாக.