மைனஸ் ஒன்று

யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கியில்லை என்று
நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்
ராமமூர்த்தி நகர் கிளையில்.
டோக்கன் நாற்பத்தேழு.
பிரமீளா ஷெணாய் திரையை என் பக்கம் திருப்பினாள்:
கடன் மதிப்பெண், மைனஸ் ஒன்று.

அறுவை அரங்கில் பதினைந்து வருஷமாகக்
கத்தியும் கத்தரியும் எண்ணுகிறவள் நான்.
ஒரு பஞ்சு குறைந்தாலும்
வயிற்றைத் தைக்க விடமாட்டேன்.
எனக்கா மைனஸ்?

"தப்பு ஒன்றும் இல்லை, அருள்மொஜி மேடம்.
நீங்கள் கடனே வாங்கியதில்லை.
வாங்காதவர் திருப்பிக் கொடுப்பாரா என்று
எங்களுக்கு எப்படித் தெரியும்?"

கடன் இல்லாத கஞ்சி கால் வயிறு.
அந்தக் கால் வயிற்றோடு
முப்பத்தெட்டு வயது வரை வந்துவிட்டேன்.
அந்தக் கஞ்சிக்கு எந்தக் கணினியிலும் பதிவில்லை.

அன்று சாயங்காலமே
ரொக்கத்தில் வாங்கக்கூடிய ஃப்ரிட்ஜைத்
தவணையில் வாங்கினேன்.
ராத்திரி அது உறுமும்போதெல்லாம்
எனக்கு நற்சான்று எழுதுகிறது என்று
புரண்டு படுப்பேன்.

அந்தப் பன்னிரண்டு மாதமும்
டீ அறையில் ஆளுக்கொரு வேதம்.
தனிப் பெண்ணுக்குத் தரமாட்டார்கள்,
புருஷன் கையெழுத்து கேட்பார்கள் என்றாள் லீனா.
சம்பளச் சீட்டுதான் கேட்டார்கள்.
முழு விலையும் பேங்க் கொடுத்துவிடும் என்றான்
மயக்க மருந்து வண்டி தள்ளும் பசவராஜு.
ஐம்பத்தாறில் நாற்பத்தைந்து கொடுத்தார்கள்.
மிச்சத்தை
என் வெறுங்கழுத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

ஹூடியில் சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டே
நவநீத் சொன்னான்:
"பேங்க் அப்ரூவ்டு மேடம்,
நீங்கள் பேப்பரே பார்க்க வேண்டாம்."
நல்ல பால்கனி. எதிரே ஒரு மழைமரம்.
பேங்க் வக்கீல் பேங்க் பணத்துக்குக் காவல்,
என் தூக்கத்துக்கு இல்லை என்று தோன்றி
ஆறாயிரம் கொடுத்து வேறொருவரைப் பார்த்தேன்.
அனுமதித் தாளில் மாடி நான்கு.
நான் நின்று மரம் பார்த்தது
ஐந்தாவதில்.

கடைசியில் கே.ஆர்.புரம், தண்டவாளத்துக்குப் பின்னால்.
ரயில் போனால் டம்ளர் நடுங்கும், பத்திரம் நடுங்காது.

முதல் தவணை
முப்பத்தொன்பதாயிரத்து ஐம்பத்திரண்டு.
வட்டிக்குப் போனது
முப்பத்தோராயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்து.
நைட் டியூட்டி முடிந்து வந்து
ஷூவைக் கழற்றாமலே வகுத்துப் பார்த்தேன்.
இந்த மாதம் நான் வாங்கிய வீடு
ஒன்றேகால் சதுர அடி.
கால்மிதியில் பாதி.
ஒரு காலை ஊன்றலாம்.
மற்றது அடுத்த மாதம்.

அப்புறம் வட்டி குறைந்ததாகச் செய்தி வந்தது.
தவணை குறையுமென்று
ஒரு குக்கரைக்கூடப் பார்த்து வைத்திருந்தேன்.
தவணை அசையவில்லை.
வால்முனையில் பத்து மாதம் கழன்று விழுந்தது.
என் ஐம்பத்தெட்டாம் வயதில் கிடக்கிறது அது,
கைக்கெட்டாமல்.

"இருபது வருஷம் அது பேங்க் வீடுதான்டி,
நீ வாடகைக்கு இருக்கிறாய்."
லீனா சொன்னதை பிரமீளாவிடம் கேட்டேன்.
சிரித்தாள்.
"பத்திரம் எங்கள் பெட்டியில் இருக்கிறது,
பெயர் உங்களுடையது.
ஒழுகினால் எங்களைக் கூப்பிட்டுவிடாதீர்கள்."

நேற்று மழை.
குளியலறை மூலையில் ஈரம் ஊறி,
திரண்டு, சொட்டியது.
வாடகை வீடுகளில் இந்நேரம்
யாருக்காவது போன் போட்டிருப்பேன்.
வாளியை வைத்துவிட்டு
ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.
எண்ண ஆரம்பித்தேன், பழக்கதோஷம்.
ஒன்று.
இரண்டு.
இதில் யாருக்கும் பங்கில்லை.