சுழி

குன்சான் நகராட்சி, மூன்றாம் சன்னல்.
ஜூன் கடைசி வாரத்தில்
நாடு மொத்தத்துக்கும் வயது குறைந்தது.
இனிமேல் பிறந்த உடனே ஒன்று என்று எண்ணக் கூடாதாம்,
சுழியிலிருந்து தொடங்க வேண்டுமாம். சட்டம்.
நாற்பத்தொன்றாகத் தூங்கப் போனவள் நான்,
முப்பத்தொன்பதாக வேலைக்கு வந்தேன்.
சோ-ரிம் கேக் வாங்கி வந்தாள்.
மெழுகுவத்தி எத்தனை என்பதில் ஒரு சிரிப்பு.

கேக்கோடு வழக்கும் தொடங்கியது.
பழைய கணக்கில் அந்த ஒன்று எதற்கு?
வயிற்றில் இருந்த மாதங்களுக்கு, என்றார்
மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாத மேலாளர் பெக்.
"கருவான அன்றே உயிர். முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது."
சோ-ரிம் கரண்டியை ஆட்டினாள்:
"மூச்சு விட்டால்தான் ஆள்.
அதுவரைக்கும் அது அவள் உடம்பு."
சுழியம் தெரியாத காலத்துக் கணக்கு, அவ்வளவுதான்
என்றான் கணினிப் பிரிவுப் பையன், வாய் நிறைய.

நான் விரலில் ஒட்டிய கிரீமைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பத்தொன்பது வயதில் (எந்தக் கணக்கில்?)
ஜொஞ்சுவில் ஒரு மாடிப்படி ஏறி
இறங்கி வந்தவள் நான்.
ஏழு வாரம்.
இதை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று
யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.
வருத்தமா என்றால், இல்லை.
இல்லை என்றால், சில இரவுகள்.

ஆறடிக்கப் பத்து நிமிஷம்.
பியோ கும்-நான் வந்தாள்.
மீன் ஏலக் கூடத்து ரப்பர் பூட்ஸ்,
கைப்பிடியில் நாலு வயதுச் சிறுமி.
"என் மகனுக்கும் குறைந்துவிட்டதா?"

பதிவைத் திறந்தேன்.
பிறப்பு: டிசம்பர் முப்பத்தொன்று, இரவு 11.38.
இறப்பு: ஜனவரி ஒன்று, 12.23.

பழைய கணக்கில் பிறந்ததும் ஒன்று,
ஆண்டு திரும்பியதும் இன்னொன்று.
முக்கால் மணி நேரத்தில்
இரண்டு வயதாகிச் செத்தவன்.

"விடிந்ததும் ஆஸ்பத்திரியில்
புத்தாண்டுச் சூப் கொடுத்தார்கள்.
ஒரு கிண்ணம் குடித்தால் ஒரு வயது கூடுமே.
அவன் கிண்ணத்தையும் நானே குடித்தேன்.
உப்பு அதிகம்."

சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன்.
வருஷம் நிறையாவிட்டால் மாதத்தை எழுதலாம்.
மாதமும் நிறையாதவனுக்கு
என்ன எழுதலாம் என்று அதில் இல்லை.
எங்களுக்கெல்லாம் இருந்ததில் ஒன்றிரண்டு குறைந்தது.
அவளுக்கு இருந்ததே இரண்டு.

பெக் எழுந்து வந்தார், பின்னாலேயே சோ-ரிம்.
உயிர் எப்போது தொடங்குகிறதென்று
இவளிடமும் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன்.
இருவரும் திரையைப் பார்த்தார்கள்.
சோ-ரிம் சிறுமிக்குக் கேக் வெட்டப் போனாள்.
பெக் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்,
துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தலையில் சுழி இடப்பக்கம்" என்றாள் கும்-நான்,
"அப்பனுக்கு இருப்பதுபோலவே.
எத்தனையாவது மாதத்தில் சுழித்ததோ.
நான் பார்த்தது அந்த முக்கால் மணி."

உதட்டில் கிரீமோடு சிறுமி கேட்டாள்:
"அண்ணன் என்னைவிடச் சின்னவனா?"
"சின்னவன்தான். ஆனாலும் அண்ணன்."

பதிவின் நகல் ஒன்று வேண்டும் என்றாள்.
வயதுக் கட்டத்தில் கணினி
தானாகவே போட்டு வைத்திருந்தது, ஒரு வட்டம்.
அச்செடுத்தேன். கட்டணம் ஆயிரம் வொன்.
மீன் வாடையடிக்கும் இரண்டு நாணயங்களை
மேசைமேல் வைத்தாள், ஒவ்வொன்றாக, வாய்விட்டு எண்ணி.

ஒன்று, என்றாள்.
இரண்டு.