அரை மணித்தியாலம்

துணைத்தூதரகத்துக்கு நாலு கடை தள்ளி
விசாப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன்.
படிவம் ஐந்நூறு. படமும் எடுத்தால் இன்னொரு நூற்றைம்பது.

துஷ்யந்தினி வந்தது செவ்வாய்க்கிழமை.
பொலித்தீனுக்குள் இன்னொரு பொலித்தீன்,
அதற்குள் பழைய கலண்டர் தாளில் சுற்றி
ஒரு கலியாணப் பத்திரம்.
முத்திரை தெளிவாகத்தான் கிடந்தது.
குத்திய நாடுதான் இல்லை.

"அவர் மண்டபம் முகாமில, அண்ணை.
வள்ளத்தில போய்ப் பதின்மூண்டு வருசம்.
அங்கத்தைப் பதிவில தனியாள்.
நான் பெண்சாதி எண்டு போடவேணும்."

பத்திரம் வழங்கிய நாடு எது, கணினி கேட்டது.
அம்புக்குறியைத் தட்ட இறங்கியது பட்டியல்.
உருட்டினேன். எங்கள் தீவுப்பகுதி அளவுகூட இல்லாத நாடுகள்,
கடல் ஒரு முழம் ஏறினால் காணாமல் போகும் நாடுகள்.
சும்மா ஒரு யோசனையில்
அப்காசியாவைத் தேடினேன்.
அதுவும் இல்லை.

அந்தப் பெயரை முதலில் கேட்டது
இரண்டாயிரத்து எட்டு ஆவணியில், ஊரடங்கு இரவில்,
வானொலியை வயிற்றோடு அமத்திக்கொண்டு.
ரஷ்யா தன் வேலியோரம் உடைந்து கிடந்த
இரண்டு துண்டுகளை நாடென்று எழுதி
ஒப்பம் வைத்ததாம்.
முதலில் கடவுச்சீட்டு, பிறகு தாங்கி, பிறகு பெயர்.

பக்கத்து வீட்டு அருமைத்துரை மாஸ்டர்
பூகோளம் படிப்பித்தவர், வேலிக்கு மேலால் எட்டினார்:
"பாத்தியே! பெரியவன் நினைச்சால்!"
அவற்றை மனிசி யன்னலைச் சாத்தினா.

எங்கள் பெரியவனும் தராதவன் இல்லை.
துவக்கு, பிறகு வானத்தால் பருப்பு,
பிறகு தாங்கி, பிறகு தடை.
பெயர் மட்டும் வாயில் வரவேயில்லை.
தாங்கி ஏறியது மாஸ்டரின் மதிலில்தான்.
ஆனாலும் அன்றிரவு முழுக்க
அவர் வீட்டில் ஒரு சிகரெட் எரிந்துகொண்டிருந்தது.

துஷ்யந்தினி பத்திரத்தில் விரல் வைத்தாள்:
புதுக்குடியிருப்பு, காலை ஒன்பது முப்பது.
"எங்கட நேரம்," என்றாள்.

அப்போது தீவுக்கு இரண்டு நேரம்.
முகமாலையில் இறங்கி, பையைத் திறந்து காட்டி,
அப்பால் போனதும்
கைக்கடிகாரத்தை அரை மணி பின்னுக்குத் திருப்ப வேணும்.
கொழும்பு மாற்றியதை அங்கே மாற்றவில்லை.
திருப்பினால் வருவது சென்னையின் நேரம்.
இல்லாத நாடும் பெரிய நாடும்
ஒத்துப்போனது அந்த முள்ளில் மட்டும்.
அதைக்கூட ஒன்று மற்றதிடம் கேட்டுச் செய்யவில்லை.

கொக்குவிலில் காய்ச்சலாய்க் கிடந்த தாய்
ஒன்பது முப்பதுக்கு எழும்பித் தேங்காய் உடைத்தாவாம்.
அங்கே மணி ஒன்பது.
மாப்பிள்ளை சவரக்கத்தியும் கையுமாய்
கண்ணாடி தேடிக்கொண்டிருந்தான்.

பிறகொரு சித்திரையில்
கொழும்பும் அரை மணி பின்னுக்கு வந்தது.
அதை ஒருவரும் அங்கீகாரம் என்று சொல்லவில்லை.

இலங்கை என்று போட்டேன்.
பதிவிலக்கத்தைக் கணினி விழுங்கவில்லை.
வெறுமையாய் விட்டேன், சிவந்தது: கட்டாயம்.

"அப்ப நான் கலியாணம் கட்டேல்லையே?"

மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டினேன்.
மேலே போய், மணமானவர் என்பதை எடுத்தேன்.
பயண நோக்கம்: சுற்றுலா.
சந்திக்கும் ஆள்: தெரிந்தவர்.

அச்சில் வந்த தாளை
எழுத்துக் கூட்டுவதுபோல் வாசித்தாள்.
"தெரிஞ்சவர்தான்," என்றாள்.

வியாழன் ஒன்பது முப்பதுக்கு வரச்சொல்லியிருந்தது.
நான் கடைப் பலகை திறக்கையில்
மணி ஒன்பது.
வரிசையில் முதல் ஆளாய்
குடையைச் சுருக்கிப் பிடித்தபடி நின்றாள்.